பெடலில் இருந்த கால்

இரவு பதினொரு மணி. மண்டபத்துக்கு வெளியே தெரு கண்ணாடியாகிக் கிடந்தது. மழை விழுகிறது... விழுந்த இடத்திலேயே உறைகிறது. தெருவுக்கு உப்புத் தூவுகிற வண்டி வரும்வரை ஒருவரும் காரை எடுக்க முடியாது. பிறந்தநாள் கேக் வெட்டிய பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டாள். மண்டபத்துச் சூடாக்கியும் பெரிய விளக்குகளும் தானாக நின்றுவிட்டன. மிஞ்சியிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் கோட்டுகளைப் போட்டபடி, சோற்றுச் சட்டியின் கடைசிச் சூட்டைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

மகேந்திரராஜா அண்ணைதான் வாயைக் கொடுத்தார்.

"உந்தக் குளிருக்கை, போன கிழமை, முன் சில்லு ரெண்டுக்கும் டிஸ்க் மாத்தினனான். ஒரு கராஜ்காரனும் தேவையில்லை."

"மாத்தினது அவர்தான்," என்றார் அவர் மனைவி வசுந்தரா அக்கா. "உள்ளுக்கை இருந்து விறைக்க விறைக்கப் பெடல் அமத்தினது ஆர் எண்டு கேளுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன சுபானி, முகம் ஒரு மாதிரி?" என்றார் அக்கா.

நான் கார்ச் சாமான் கடையில் கவுண்டரில் நிற்பவள். பிறேக் டிஸ்க் விற்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கதையை வெளியே சொல்வதில்லை. ஆனால் இன்றைக்கு எப்படியும் ஒருவரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. சொல்கிறேன். இது என் சிநேகிதி கொறற்றியின் சித்தப்பாவுக்கு நடந்தது. கொஞ்சம் அவர் வாயாலேயே கேட்டேன். மீதி கொறற்றி சொன்னது. கொறற்றி தெற்கு ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில், வரிக் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவள். கற்பனை என்பது அவளுக்கு மருந்துக்கும் கிடையாது. அதுதான் எனக்குப் பயம்.

நவம்பர் மாதம். சனிக்கிழமை. இரவு ஒன்பது மணி இருக்கும்...

இதே டுசல்டோர்ஃபின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி ஓர் ஒற்றைத் தெரு. ஒரு பக்கம் முழுக்க ரயில் மதில். மறுபக்கம் கார் நிறுத்தும் கராஜ்கள், வரிசையாக, சாம்பல் நிறத் தகரக் கதவுகளோடு. வீடு ஒன்றும் இல்லை. விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தெருமுனையில். காரை நிறுத்தலாம், திருத்தக் கூடாது என்று பெரிதாகப் பலகை தொங்குகிறது. ஆகவே திருத்துகிறவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு திருத்துவார்கள். நம்முடைய ஆட்கள் உட்பட.

கொறற்றியின் சித்தப்பா, யூட் அண்ணை, அங்கே ஒரு கராஜ் வைத்திருந்தார். பாண் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. நெடிய மனிதர். அதிகம் பேச மாட்டார். பிள்ளைகள் இல்லை. பேசுவதெல்லாம் மனைவி மரியமலர் அக்காவோடுதான். அதுவும் காருக்குப் பக்கத்தில் நின்றால்தான் வாய் திறப்பார்.

டிஸ்க் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில்லைக் கழற்றினால் பின்னால் ஓர் இரும்புத் தட்டுத் தெரியும். அதுதான். பெடலை அமத்தினால் இரண்டு கட்டைகள் இரண்டு பக்கமும் வந்து அதை இறுக்கிப் பிடிக்கும், கார் நிற்கும். இறுக்கி இறுக்கித் தட்டுத் தேயும். ஓரத்தில் விளிம்பு எழும்பும். துருவும் பிடிக்கும். பிறகு தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். போட்டபின் சரி பார்க்க இரண்டு பேர் வேண்டும். வெளியே இருப்பவர் தட்டைக் கையால் சுழற்றுவார். உள்ளே இருப்பவர் பெடலை அமத்துவார். தட்டு நிற்க வேண்டும்.

அந்த உள்ளே இருப்பவர், நம்முடைய வீடுகளில், எப்போதும் மனைவிதான். வசுந்தரா அக்கா தலையாட்டுகிறார், பாருங்கள்.

மரியமலர் அக்கா கட்டையானவர். கால் எட்டாது. சீட்டை முன்னுக்கு, கடைசி மட்டும், ஸ்டியறிங் நெஞ்சில் முட்ட இழுத்துவிட்டு உட்காருவார். வெளியிலிருந்து யூட் அண்ணை, "அமத்தும்" என்பார். அக்கா அமத்திப் பிடித்துக்கொண்டு, "ம்" என்பார். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் அண்ணை டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழாய்ப் பூட்டாகப் பார்ப்பார், எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று. பார்ப்பார்... பார்ப்பார்... பார்த்துக்கொண்டே இருப்பார்.

"கால் விறைச்சுப் போச்சு. கெதியாச் சொல்லுங்கோவன்!" என்று உள்ளிருந்து கத்துவார் அக்கா.

கத்துவாரே தவிர, காலை எடுக்க மாட்டார். "விடும்" என்று அண்ணை சொன்னால்தான் எடுப்பார். சொல்லாமல் அமத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது. அது அவர்களுக்குள் சட்டம். கல்யாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்து வாங்கிய முதல் பழைய காரிலிருந்து அப்படித்தான்.

அக்காவுக்கு லைசன்ஸ் இல்லை. கார் ஓடிப் பழகவும் இல்லை. ஒருமுறை என் கவுண்டரில் சாய்ந்து நின்று சொன்னார்: "காரிலை எனக்குத் தெரிஞ்சது ஒரு பெடல்தான் பிள்ளை. மற்றதுகள் என்னத்துக்கு இருக்குதோ..."

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு அக்காவுக்கு வருத்தம், ஆஸ்பத்திரியில் கிடத்தியிருக்கிறது என்றார்கள். வெயில் காலம் முடியுமுன் போய்விட்டார்.

அதன்பிறகு அண்ணையின் வீட்டில் சத்தமே இல்லை. கொறற்றி ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் "ஓம்... ஓம்..." என்பார். வைத்துவிடுவார். கீழ் வீட்டு ஜெர்மன்காரி படியில் கண்டால் தலையை ஆட்டுவாள். இவரும் ஆட்டுவார். ஒரு நாளில் அவ்வளவுதான் மனித சகவாசம்.

நவம்பரில் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். முன் டிஸ்க் இரண்டும் முடிந்துவிட்டது, மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தார். சாமானை எடுத்துக் கொடுக்கும்போது, என் நாக்கில் சனி.

"பெடலுக்கு ஆர் அண்ணை இருக்கினம்?"

கேட்டபின்தான் புரிந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று, "கூட்டுற தும்புத்தடி ஒண்டு வெட்டி வைச்சிருக்கிறன் பிள்ளை. சீற்றுக்கும் பெடலுக்கும் இடையிலை குடுத்துப் பாப்பம்," என்றார்.

அன்று சாயங்காலம் சேமக்காலைக்குப் போய், அக்காவின் கல்லறையில் சிவப்பு விளக்கை ஏற்றிவிட்டு, நேரே கராஜுக்கு வந்திருக்கிறார். கதவைச் சாத்தினார். ஜாக்கியில் காரைத் தூக்கினார். இடது சில்லைக் கழற்றினார். பழைய தட்டு துருவில் ஒட்டிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். கம்பித் தூரிகையால் உரஞ்சினார். புதுத் தட்டில் எண்ணெய் பூசியிருப்பார்கள், துருப் பிடிக்காமல். அதை ஸ்பிறே அடித்துத் துடைத்தார். மூக்கைப் பிய்க்கும் அந்த மணம்... மூடிய கராஜுக்குள் கண்ணெல்லாம் எரியும். எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்.

தகரக் கூரையில் மழை. முழங்காலில் இருந்தபடி தட்டைக் கையால் சுழற்றிவிட்டார். ஸ்ஸ்ஸ்... என்று சுற்றியது.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அமத்தும்."

சொன்ன கையோடு தனக்குள்ளேயே வெட்கப்பட்டிருக்கிறார். தும்புத்தடியை எடுக்கக் கையை நீட்டினார்...

புஸ்.

கார் உள்ளிருந்து.

புஸ்... புஸ்...

புதுக் கட்டை போட்டால் பெடல் முதலில் தரை மட்டும் போகும். இரண்டு மூன்று தரம் அமத்தினால்தான் இறுகும். அது தெரிந்த கால் எப்படி அமத்துமோ, அப்படி.

டக். தட்டு நின்றது.

மழைச் சத்தத்துக்குள், மெதுவாக, "ம்."

அண்ணை அசையவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சாமான் ரயில் போனது. நீளமான ரயில். பெட்டி பெட்டியாகப் போய் முடியும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இறுகிப் பிடித்திருந்தது. தலையை நிமிர்த்திக் கார்க் கண்ணாடியைப் பார்த்தார். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. குளிரில் ஒரு காருக்குள் ஆள் இருந்து மூச்சு விட்டால் படியுமே... அந்த ஆவி.

நீங்களோ நானோ என்றால் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்போம். அவர் ஓடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"விடும்."

தட்டு விட்டது.

நிலத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாராம். பிறகு எழும்பி வலது சில்லையும் கழற்றினார்.

வேலை முடிந்து கார்க் கதவைத் திறந்தபோது காருக்குள் ஒருவரும் இல்லை. ஆனால் அவரால் உள்ளே ஏற முடியவில்லை. அவ்வளவு நீளக் கால். சீட் முன்னுக்கு, கடைசி மட்டும், ஸ்டியறிங்கோடு முட்டி நின்றது.

"காணும் அக்கா, கதையை நிப்பாட்டுங்கோ, நான் லைட்டைப் போடுறன்," என்று எழும்பினான் மதிசுதன். மகேந்திரராஜா அண்ணையின் மருமகன், வளர்ந்த ஆண்பிள்ளை. இருக்கச் சொன்னேன். இன்னும் ஒன்றுமே தொடங்கவில்லை.

கிறிஸ்மசுக்கு முன் யூட் அண்ணை திரும்பவும் கடைக்கு வந்தார். திரும்பவும் முன் டிஸ்க்.

"இப்பதானே அண்ணை மாத்தினீங்கள்?"

"பிறேக் பிடிச்சா நடுங்குது பிள்ளை."

கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வந்தார். இந்த முறை பின் சில்லுக்கு. கழற்றிய பழையவற்றைப் பழைய இரும்புக்கென்று எங்கள் தொட்டியில் போடக் கொண்டுவந்திருந்தார். தூக்கிப் பார்த்தேன். விளிம்பு எழும்பவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல தட்டுகள்.

"அண்ணை, இதிலை ஒரு பிழையுமில்லை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தொங்கிய வைப்பர்களைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னார். இதுவரை நான் சொன்னதெல்லாம் அவர் அன்றைக்குக் கவுண்டரில் நின்று சொன்னதுதான். கடைசியில் சொன்னார்:

"சும்மா கூப்பிட்டா வாறா இல்லை. கூப்பிட்டுப் பாத்தனான். வேலை இருந்தாத்தான் வாறா. உமக்குத் தெரியும்தானே அவவை... சும்மா இருக்க மாட்டா."

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்பதற்காக, அதுவும் வார்த்தைகூட இல்லை, ஒரு "ம்" கேட்பதற்காக, நல்ல டிஸ்க்கைக் கழற்றிக் கழற்றி எறிகிறார். அவர் போனதும் கொறற்றிக்குப் போன் எடுத்தேன்.

கொறற்றி ஜனவரியில் வந்தாள். வீட்டில் ஆள் இல்லை. கராஜில்தான் இருந்தார். அங்கேயே, காரின் பக்கத்து சீட்டில், போர்வை சுற்றிக்கொண்டு படுப்பாராம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேக்கரிக்கு உடம்பு சரியில்லை என்று வருத்தக் கடிதம் கொடுத்துவிட்டு நாட்கணக்காகப் போகவில்லை. இப்படியே விட்டால் இந்த வசந்தத்தைக் காண மாட்டார் என்று பார்த்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது கார்ல்ஸ்ரூஹேக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

"என்னோடை வாங்கோ சித்தப்பா. அறை ஒண்டு சும்மா கிடக்குது."

"நான் வந்தா, அவ இஞ்சை தனிய என்ன செய்வா?"

"சித்தி செத்துப்போனா சித்தப்பா."

"ஓம். அது எனக்கும் தெரியும்."

கொறற்றி வேறு வழியாக வந்தாள். அவர் பின் சில்லில் டிஸ்க் பூட்டிக்கொண்டிருந்தார். "சரி, இண்டைக்கு நான் உள்ளுக்கை இருந்து அமத்துறன். பிறகு வெளிக்கிடுவம்," என்றாள். உயிருள்ள மனுசி ஒருத்தி இருந்து அமத்தினால் மனிதர் தெளிந்துவிடுவார் என்ற எண்ணம். அவர் மறுக்கவில்லை.

உள்ளே ஏறினாள். குளிர். ஈரக் கம்பளிச் சட்டை மணம் ஒன்று இருந்ததாம், ஆனால் போர்வையில் இருந்து வருகிறது என்று நினைத்தாள். காலைப் பெடலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் தொடாமல், காத்திருந்தாள். பின்னால் தட்டுச் சுழலும் சத்தம்.

"அமத்தும்."

அவள் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடல் கீழே போனது. தானாக. அவளுடைய சப்பாத்துக்குக் கீழே, இடைவெளி கூடிக் கூடி... புஸ்... கடைசி மட்டும் போய் நின்றது.

"ம்."

காதுக்குப் பக்கத்தில். அவள் இருந்த அதே சீட்டில் இருந்து.

கொறற்றியின் கை இரண்டும் ஸ்டியறிங்கில் அப்படியே ஒட்டிப்போயிருந்தன. சித்தப்பா டோர்ச் அடித்து ஒவ்வொரு பூட்டாகப் பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு "விடும்" என்றார். பெடல் மேலே வந்து அவள் சப்பாத்தின் அடியைத் தொட்டது.

காரை விட்டு இறங்கி, கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறொருத்தி என்றால் காரை அங்கேயே போட்டுவிட்டு மனிதரை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். கொறற்றி யோசித்தாள். காரை விட்டுவிட்டு இவர் வர மாட்டார். அதனால் சொன்னாள்:

"காரையும் கொண்டு வாங்கோ. சித்தியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அக்கா போனபின் முதல் தடவையாக யூட் அண்ணை சிரித்தார்.

அன்றிரவே புறப்பட்டார்கள். அவர் முன்னால் தன் காரில். கொறற்றி பின்னால் தன்னுடையதில். அறுபத்தோராம் ஓட்டோபான், தெற்கே போகிற அந்த அதிவேகப் பாதை, உங்களுக்குத் தெரியும். ஹுன்ஸ்றூக் மலைக்கு ஏறினால் ஊரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. காட்டுக்கும் காட்டுக்கும் இடையில் காற்று மட்டும். எப்போதாவது ஒரு லொறி. கொறற்றிக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்தது அவருடைய காரின் இரண்டு பின்விளக்குகள்தான். சிவப்பாக, மங்கலாக.

ஓர் இடத்தில் அவை கொஞ்சம் இடதுபக்கம் போயின. பிறகு வலதுபக்கம். தூங்குகிறாரோ என்று ஹோர்ன் அடித்தாள். வேகம் குறையவில்லை. இறக்கம் அது. கார் கோட்டை விட்டு விலகி ஓரத் தடுப்பை நோக்கிச் சரிந்துகொண்டே போனது...

பிறேக் வெளிச்சம் எரிந்தது.

பளீரென்று. எரிந்தது, அணையவில்லை. கார் வேகம் குறைந்தது. வலதுபக்கம் தடுப்பில் லேசாக உரசி, தகரம் கிறீச்சிட்டு, பிறகு துள்ளித் துள்ளி... கியரில் இருக்கிற காரை கிளச் அமத்தாமல் நிற்பாட்டினால் எப்படித் துள்ளும்? அப்படித் துள்ளி, எஞ்சின் அணைந்து, ஓடுபாதையிலேயே நின்றது. நல்லாக ஓடத் தெரிந்த மனிதர் செய்கிற வேலை இல்லை அது. ஒரு பெடல் மட்டும் தெரிந்தவர் செய்கிற வேலை.

கொறற்றி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். யூட் அண்ணை கதவுப் பக்கம் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூச்சு இருந்தது. அவருடைய இரண்டு காலும் சீட்டோடு மடங்கிக் கிடந்தன. பெடல்கள் இருந்த இடத்தில் ஒரு காலும் இல்லை. ஆனால் பிறேக் பெடல் தரையோடு தரையாக இருந்தது.

அம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. பொலிஸ் வந்தது. பிறகு காரை இழுக்கிற வண்டி வந்தது. இழுக்கிறவர் கியரை எடுத்தார், கை பிறேக்கை எடுத்தார், தள்ளினார். பொலிஸ்காரரும் சேர்ந்து தள்ளினார். ஒரு சில்லும் உருளவில்லை.

"கட்டை இறுகியிருக்கும்," என்றான் மதிசுதன்.

நானும் அப்படித்தான் கொறற்றிக்குச் சொன்னேன். ஆனால் நாலு சில்லிலும் ஒரே நேரத்தில் இறுகுமா? அதுவும் எல்லாம் புதுசு. மகேந்திரராஜா அண்ணை, நீங்கள்தான் பெரிய மெக்கானிக், சொல்லுங்கள்.

இழுக்கிறவர் தன் வண்டியில் போய்க் கம்பியைச் சரி பார்க்கும்போது, கொறற்றி குனிந்து, திறந்திருந்த கதவுக்குள் தலையை வைத்து, சின்னக் குரலில் சொன்னாள்.

"சித்தி... காணும். சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம். விடுங்கோ சித்தி."

வெளிச்சம் அணையவில்லை. திரும்பவும் சொன்னாள். கெஞ்சினாள். அவள் யார் சொல்வதற்கு? அவள் சொல்லி எப்போதாவது சித்தி விட்டிருக்கிறாரா? கடைசியில் கம்பியைக் கொளுவி, சில்லு உருளாமலே, தார் றோட்டில் றப்பரை உரசிக்கொண்டு காரை இழுத்து ஏற்றினார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மலையடியில் ஒரு சின்ன ஊர். அங்கே, காரை இழுத்த அந்த மனிதர் தன் பழைய கார் வளவில் கொண்டுபோய் விட்டார்.

யூட் அண்ணை பிழைத்துக்கொண்டார். மூளையில் இரத்தம் கட்டியதாம். தடுப்பை உடைத்துக்கொண்டு போயிருந்தால் கீழே பள்ளம், கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று பொலிஸில் சொன்னார்கள். அவள் அவரை உயிரோடு கார்ல்ஸ்ரூஹேக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். ஆனால் வலது கை விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது.

பேசப் பழக்குகிற ஒரு ஜெர்மன் பெண்ணிடம் கிழமைதோறும் கூட்டிப் போனாள். முதலில் ஜெர்மன் சொற்கள் வந்தன. தண்ணீர், நன்றி, காலை வணக்கம். கொறற்றி வீட்டில் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். அதுவும் ஒவ்வொன்றாக வந்தது. தேத்தண்ணி. பசிக்குது. பிள்ளை. ஒருநாள் காலையில் "மரியமலர்" என்று முழுசாகச் சொன்னாராம், திக்காமல்.

ஒரு சொல்தான் வரவில்லை.

"விடும் எண்டு சொல்லுங்கோ சித்தப்பா," என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். வாயைத் திறப்பார். மூடுவார். கண் கலங்கும். சில சொற்கள் அப்படித்தான், திரும்பி வரவே மாட்டாது என்றாள் அந்த ஜெர்மன் பெண்.

மார்ச் மாதம் வளவுக்காரர் போன் எடுத்தார். காரை எடுக்கிறீர்களா, நசுக்கக் கொடுக்கவா? எதுவென்றாலும் கெதியாகச் சொல்லுங்கள். ஏன் அவசரம் என்று கேட்டாள் கொறற்றி. "பின்னால் அந்தச் சிவப்பு வெளிச்சம்," என்றார் மனிதர். "அணையவே இல்லை. என் நாய் அந்தப் பக்கம் போவதில்லை."

"பற்றரியைக் கழற்றிவிடுங்களேன்."

"வந்த அன்றைக்கே கழற்றிவிட்டேன்."

அடுத்த சனிக்கிழமை கொறற்றி யூட் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனாள். பொழுது படுகிற நேரம். வளவுக்குள் நசுங்கிய கார்கள் அடுக்கடுக்காக. ஈரத் துரு மணம். கடைசி மூலையில், மற்றக் கார்களை எல்லாம் தள்ளி நிறுத்திவிட்டு, அது தனியாக நின்றது. டிஸ்க்கெல்லாம் துருவேறிச் செம்மண் நிறமாகியிருந்தன. பின்னால் இரண்டு சிவப்பு வெளிச்சம். பழைய பனி மிச்சத்தில் அந்தச் சிவப்புப் படிந்திருந்தது.

கண்ணாடியில் உள்பக்கம் ஆவி.

கொறற்றி சித்தப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஓட்டுகிற பக்கக் கதவடியில் விட்டாள். வரும் வழி முழுக்க அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மூன்றே மூன்று எழுத்து. அவர் சொன்னால் அந்த மனுசி காலை எடுக்கும், எடுத்தால் போய்விடும், பிறகு சித்தப்பாவும் நிம்மதியாக இருப்பார். அவளுக்கு எல்லாம் கணக்காகத்தான் பட்டது.

அவர் இடது கையைக் கண்ணாடியில் வைத்தார். வாயைத் திறந்தார். உதடு துடித்தது. இந்த முறை வந்துவிடும் என்று கொறற்றிக்குத் தோன்றியது. வரத்தான் செய்தது, தெளிவாக, திக்காமல். அந்தச் சொல் இல்லை.

"மரியமலர்... குளிருதோ?"

காற்று இல்லை. வளவில் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே இருந்து கேட்டது.

"ம்."